படத்தை வாசிப்போம்: அறிவொளிக் காலமும் உருவக அச்சோவியங்களும்



வரலாற்றுப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சியைப் படிக்கிறீர்கள். சித்திரப் பாடத்தில் ஐரோப்பிய ஓவிய மரபுகளைப் படிக்கிறீர்கள். இரண்டையும் வெவ்வேறு கொப்பிகளில் எழுதி வைப்பதால் அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடம் பலருக்குத் தெரிவதில்லை. அந்த இடங்களில் முக்கியமானது 18ஆம் நூற்றாண்டின் உருவக அச்சோவியம். ஓவியரின் பெயரையும் ஆண்டையும் மனனம் செய்வது மட்டும் இப்பகுதிக்குப் போதாது. இவ்வகைப் படம் ஒவ்வொன்றும் ஒரு வாதம். யார் நிற்கிறார், யார் பணிகிறார், ஒளி எங்கிருந்து வருகிறது, யாருடைய கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அந்த வாதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

உருவகம் என்றால் என்ன?

தமிழ் இலக்கியத்தில் உருவக அணியைப் படித்திருப்பீர்கள். ஓவியத்தில் உருவகம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கருத்தை மனித வடிவில் காட்டுவதாகும். உண்மை, நீதி, சுதந்திரம், பகுத்தறிவு என்பவற்றை எவரும் கண்டதில்லை. எனவே ஓவியர் அவற்றுக்கு ஓர் உடலைக் கொடுத்து, அடையாளம் காண்பதற்காகக் கையில் ஒரு பொருளையும் கொடுக்கிறார். தராசும் வாளும் ஏந்திய பெண் நீதி என்பது நீங்கள் அறிந்ததே.

இவ்வாறு வாசிப்பது எமக்குப் புதிதன்று. வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயிலுக்குச் செல்லும் சிறு பிள்ளைகூடக் கையிலுள்ள ஆயுதத்தையும் வாகனத்தையும் பார்த்தே இது எந்தத் தெய்வம் என்று சொல்லிவிடும். மயில் என்றால் முருகன். வீணை என்றால் சரஸ்வதி. அகப்பையும் அன்னப் பாத்திரமும் என்றால் அன்னபூரணி. (வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த பாய்க்கப்பலின் பெயரும் அன்னபூரணிதான். அதனை வாங்கிய அமெரிக்கர் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார்.) ஆகவே கைப்பொருளைக் கொண்டு உருவத்தை இனங்காணும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே உண்டு.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். விடைகளில் மாணவர் தவறவிடும் இடம் இது. கோயிலில் உள்ள அம்மன் அடியவருக்குத் தெய்வமே; அங்கே வழிபாடு உண்டு. செதுக்கோவியத்தில் உள்ள 'உண்மை' என்னும் பெண்ணை எவரும் வழிபடுவதில்லை. அவள் ஒரு கருத்துக்கு இட்ட வேடம் மாத்திரமே. எனவே அறிவொளிக் கால உருவகங்களைத் 'தெய்வ உருவங்கள்' என எழுதாதீர்கள்.

இக்கருத்துருவங்கள் ஏன் பெரும்பாலும் பெண்களாகவே உள்ளன? இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் உயிரற்ற பொருள்களுக்கும் கருத்துக்களுக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. உண்மை, நீதி, சுதந்திரம், தத்துவம் என்பன அம்மொழிகளிற் பெண்பாற் சொற்கள். தமிழில் 'உண்மை' அஃறிணை; அதற்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. இலக்கணப் பாடத்திற் கற்ற திணை, பால் வேறுபாடு ஓர் ஓவியத்தை விளங்கிக்கொள்ளவும் உதவுகிறது, பாருங்கள்.

ரிப்பாவின் கைநூல்

எந்தக் கருத்துக்கு எந்தப் பொருளைக் கொடுப்பது என்று ஓவியர்கள் தம் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. இத்தாலியரான சேசரே ரிப்பா 'ஐக்கனோலொஜியா' என்ற நூலை 1593 இல் உரோமாபுரியில் வெளியிட்டார். 1603 இல் அது படங்களுடன் வெளிவந்தது. நூற்றுக்கணக்கான கருத்துக்களை எவ்வாறு வரைய வேண்டும் என்று அது சொல்லிக் கொடுத்தது. 'உண்மை'யின் கையிற் சூரியன் இருக்க வேண்டும். 'சுதந்திர'த்தின் ஒரு கையிற் செங்கோல், மறு கையிற் தொப்பி, காலடியில் ஒரு பூனை. பூனை அடைபட்டிருக்க விரும்பாத பிராணி என்பதால் அந்தத் தெரிவு. பிற்காலப் படங்களிற் தொப்பி நிலைத்துவிட்டது. பூனையை அவ்வளவாகக் காண முடிவதில்லை.

நவ செந்நெறிப் பாணி

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியக் கலை கிரேக்க, உரோம மரபை நோக்கி மீண்டும் திரும்பியது. இதனையே நவ செந்நெறிப் பாணி என்கிறோம். வெசுவியஸ் எரிமலையாற் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரில் 1738 இலும், பொம்பெயி நகரில் 1748 இலும் அகழ்வுகள் தொடங்கின. அங்கு கிடைத்த சிலைகளையும் சுவரோவியங்களையும் இத்தாலிக்குச் சென்று பார்க்கக்கூடியவர் சிலரே. மற்றவர்கள் அவற்றை 1757 முதல் வெளிவந்த செதுக்கோவியத் தொகுதிகளிலேயே பார்த்தனர். அதாவது இப்பாணி பரவியதே பெரும்பாலும் அச்சுப் படங்கள் மூலம் எனலாம். தெளிவான புறக்கோடு, மடிப்புடன் தொங்கும் நீண்ட ஆடை, தூண்கள் நிறைந்த கோயில், அமைதியான நிலை ஆகியன இதன் அடையாளங்கள்.

செப்புத்தகட்டு அச்சு எவ்வாறு செய்யப்பட்டது?

நன்கு தீட்டிய செப்புத்தகட்டிற் கூரிய உளியாற் கோடுகள் செதுக்கப்படும். அல்லது தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சைப் பூசி, ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பின்னர் தகடு முழுவதும் மை பூசித் துடைத்துவிட்டால் மேற்பரப்பு சுத்தமாகி, பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன் மேல் வைத்து உருளைகளுக்கிடையில் அழுத்தும்போது பள்ளத்திலுள்ள மை தாளில் ஏறும். மர அச்சில் இதற்கு நேர்மாறு: அங்கே மேடான பகுதியே மையைப் பெறும். இவ்வேறுபாட்டை மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம். படம் இடம் வலம் மாறி அச்சாவதால் செதுக்குபவர் தகட்டில் எதிர்த்திசையிற் செதுக்க வேண்டும்.

நிழல் வேண்டிய இடத்தில் மை தேய்க்க இயலாது. கோடுகளை நெருக்கியும் குறுக்காகவும் இட்டே இருள் உண்டாக்கப்படும். இவ்வேலைக்கு மாதக்கணக்கிற் பொறுமை வேண்டும். பொதுவாக வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் இன்னொருவர். பல படங்களில் கீழ் விளிம்பின் இடப்புறம் வரைந்தவர் பெயரும் வலப்புறம் செதுக்கியவர் பெயரும் இருக்கும். ஓர் ஓவியத்தை ஒரு மண்டபத்தில் மட்டுமே மாட்டலாம். ஒரு தகட்டிலிருந்தோ சில ஆயிரம் பிரதிகள் எடுத்து அஞ்சலில் அனுப்பலாம், நூலிற் கட்டலாம், கடையில் விற்கலாம். அறிவொளிக் காலச் சிந்தனையாளர் இதனை விரும்பியதற்குக் காரணம் இதுவே.

கலைக்களஞ்சியத்தின் முகப்புப் படம்

இக்கட்டுரையில் நீங்கள் மிக நன்றாகப் படிக்க வேண்டிய படம் இதுவாகும்.

டிடரோவும் தலம்பேரும் பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை வெளிவந்தது. 17 தொகுதிகள் எழுத்து, 11 தொகுதிகள் படம், ஆக 28 தொகுதிகள். அதன் முதற்பதிப்பு 4,000 இற்கும் மேற்பட்ட பிரதிகள். அரசரின் அதிகாரத்தையும் திருச்சபையின் அதிகாரத்தையும் அது மறைமுகமாகக் கேள்விக்குட்படுத்தியதால், 1759 இல் அரச அனுமதி இரத்துச் செய்யப்பட்டது; அதே ஆண்டில் பாப்பரசரும் அதனைத் தடை செய்தார். வேலை இரகசியமாகத் தொடர்ந்தது. மீதி எழுத்துத் தொகுதிகள் 1765 இல் வெளிவந்தன.

இந்நூலுக்காக ஷார்ல் நிக்கொலா கொஷான் 1764 இல் ஒரு முகப்புப் படத்தை வரைந்தார். அதனைச் செப்புத்தகட்டிற் செதுக்கியவர் பெனுவா லூயி பிரெவோ, ஆண்டு 1772. கொஷான் இத்தாலிக்குச் சென்று ஹெர்குலேனியத் தொல்பொருள்களைப் பற்றி நூல் எழுதியவர்களுள் ஒருவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இப்போது படத்தினுள் செல்வோம். பின்னணியில் அயோனியத் தூண்கள் கொண்ட ஒரு கோயில். அது உண்மையின் கோயில். மேலே நடுவில் மெல்லிய முக்காட்டுடன் 'உண்மை' நிற்கிறாள். அவளிடமிருந்து ஒளி பரவி முகில்களை விலக்குகிறது. அவளருகே 'பகுத்தறிவு', 'தத்துவம்' என்னும் இருவர். ஒருவர் முக்காட்டை உயர்த்த, மற்றவர் அதனை இழுக்கிறார். மறுபக்கத்தில் 'கற்பனை' உண்மையை மலர்களால் அலங்கரிக்க வருகிறாள். 'இறையியல்' உண்மையின் காலடியில் மண்டியிட்டு, மேலிருந்து வரும் ஒளியை நோக்கியிருக்கிறாள். இவர்களுக்குக் கீழே நினைவாற்றலும் வரலாறும். பின்னர் கேத்திரகணிதம், வானியல், பௌதிகவியல். அவற்றுக்கும் கீழே ஒளியியல், தாவரவியல், இரசாயனவியல், விவசாயம். கற்பனையின் பக்கத்தில் கவிதை வகைகளும் இசை, ஓவியம், சிற்பம், கட்டடக்கலையும். எல்லாவற்றுக்கும் அடியிற் பல தொழில்களைச் செய்யும் மக்கள்.

ஒவ்வோர் உருவத்தின் பெயரையும் எழுதிவிட்டால் விடை முடிந்துவிட்டது என எண்ண வேண்டாம். படத்தின் வாதம் இனித்தான் வருகிறது. முதலாவது, ஒளியின் ஊற்று மன்னனும் அல்லன், தேவாலயமும் அன்று, உண்மையே. இரண்டாவது, அவ்வுண்மையை வெளிப்படுத்தும் வேலை பகுத்தறிவுக்கும் தத்துவத்துக்கும் கொடுக்கப்பட்டுள்ளது. அதுவரை அறிவுகளின் அரசியாக மதிக்கப்பட்ட இறையியல் இங்கே மண்டியிட்டிருக்கிறாள். இதனை எழுத்தில் நேரடியாக எழுதியிருந்தால் தணிக்கை அதிகாரி கிழித்திருப்பார். படத்திலோ, பக்தியுடன் முழந்தாளிட்டிருக்கிறாள் என்றே சொல்லித் தப்பலாம்! மூன்றாவது, தொழிலாளரும் அதே படத்தில் இடம்பெறுகின்றனர். அடியில்தான், ஆயினும் அந்த ஒளியின் கீழ். கலைக்களஞ்சியத்தின் படத்தொகுதிகள் அச்சகம், கண்ணாடிப் பட்டறை, நெசவு, கப்பற்கட்டு முதலியவற்றை விரிவாகக் காட்டியமைக்கும் இதற்கும் தொடர்புண்டு.

நூலின் உள்ளடக்கத்துக்கும் படத்துக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. கலைக்களஞ்சியம் மனித அறிவை நினைவாற்றல், பகுத்தறிவு, கற்பனை என மூன்று கிளைகளாகப் பிரித்தது. படமும் அவ்வாறே குழுக்களை வகுக்கிறது.

புரட்சியும் சுதந்திரப் பெண்ணும்

1789 இன் மனித உரிமைப் பிரகடனத்தை லெ பார்பியே ஓர் உருவகப் படமாக அமைத்தார். அது அச்சுப் பிரதிகளாகப் பரவியது. இரு கற்பலகைகளிற் சட்டம் பொறிக்கப்பட்டது போல வாசகங்கள். மேலே ஒருபுறம் தன் சங்கிலியை அறுக்கும் பிரான்சு. மறுபுறம் செங்கோலுடன் ஒளிவீசும் கண்ணைச் சுட்டும் இறக்கையுள்ள உருவம். நடுவே ஈட்டியின் நுனியில் ரிப்பாவின் நூலிற் கண்ட அதே சுதந்திரத் தொப்பி. 1792 இற் குடியரசு பிரகடனப்படுத்தப்பட்டதும் அரச முத்திரையிலிருந்து மன்னரின் உருவம் நீங்கி, அவ்விடத்தில் ஈட்டியும் தொப்பியும் ஏந்திய சுதந்திரப் பெண் வந்தாள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் ஆட்சி மாறிவிட்டது என்பது விளங்கியது.

ஆனால் ஒரு முரண்பாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும். படங்களில் உண்மையும் பெண், சுதந்திரமும் பெண். நடைமுறையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்கவில்லை. 1770 இல் பிரெஞ்சு அரச ஓவியக் கழகம் பெண் உறுப்பினர் தொகையை நான்காக மட்டுப்படுத்தியது. 1791 இற் பெண்களுக்கான உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஒலிம்ப் டி கூஜ் 1793 இற் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். முத்திரையில் நின்ற பெண்ணுக்குக் கிடைத்த மதிப்பு வீதியில் நின்ற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

பரங்கிப்பேட்டை பொறித்த பீடம்

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் என நினைக்கிறீர்களா? ஐரோப்பியச் செதுக்கோவியம் எமது கரையையும் தொட்டது. 1658 இல் ஒல்லாந்தருடன் யாழ்ப்பாணம் வந்து 1665 வரை மதப்பணி செய்த பல்டேயஸ், 1672 இல் ஆம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணம், பருத்தித்துறை, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களின் செப்புத்தகட்டுப் படங்கள் உள்ளன. அவை உருவகங்கள் அல்ல, இடக் காட்சிகள்.

உருவகம் பின்னர் வந்தது. வங்காளத்தில் நில அளவை அதிபராயிருந்த ஜேம்ஸ் ரெனல் 1782 இல் இந்துஸ்தானத்தின் பெரிய படத்தை இலண்டனில் வெளியிட்டார். அதற்கான விளக்க நூல் 1783 இல் வந்தது. அக்காலத்தில் தேசப்படங்களின் மூலையில் தலைப்பைச் சுற்றி ஓர் அலங்காரச் சித்திரம் வரைவது வழக்கம். ரெனலின் படத்தில் அந்த மூலையில் நிற்பவள் பிரித்தானியா, அதாவது அந்நாட்டின் உருவகப் பெண். பிராமண பண்டிதர்கள் தம் புனித நூல்களை அவளிடம் நீட்டுகின்றனர். அவள் அவற்றைத் தன் பாதுகாப்பில் ஏற்கிறாள். உள்நாட்டவரின் சட்ட வழக்கங்களை மதிப்பதாகக் கூறிய 1781 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தையே இது குறிக்கிறது என விளக்க நூல் கூறுகிறது.

ஆனால் அவள் சாய்ந்து நிற்கும் பீடத்தைப் பாருங்கள். அதில் ஆங்கிலேயர் வென்ற போர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் இரண்டைச் சிப்பாய் ஒருவன் தன் தோழனுக்குச் சுட்டிக்காட்டுகிறான். அவை 1781 இல் ஹைதர் அலிக்கு எதிராகத் தளபதி கூட் வென்ற பரங்கிப்பேட்டை, சோளிங்கர் போர்கள். இரண்டும் தமிழ் ஊர்கள். பரங்கிப்பேட்டை எமது கரைக்கு எதிரே சோழமண்டலக் கரையில் இருக்கிறது.

கலைக்களஞ்சிய முகப்பையும் இப்படத்தையும் அருகருகே வையுங்கள். இரண்டிலும் செந்நெறி ஆடை அணிந்த பெண். இரண்டிலும் அறிவுக்கு மரியாதை. முதலாவதில் அறிவு முக்காட்டிலிருந்து விடுபடுகிறது. இரண்டாவதில் அறிவு கைமாறுகிறது: கொடுப்பவர் ஆளப்படுபவர், வாங்குபவர் ஆள்பவர். பாதுகாப்பு என்று படத்தின் மேற்பகுதி சொல்ல, அந்தப் பாதுகாப்பு எதன்மேல் நிற்கிறது என்பதைப் பீடம் சொல்லிவிடுகிறது. என் கருத்தில் இப்படத்தின் மிக நேர்மையான பகுதி அந்தப் பீடமே. இப்படம் அச்சான வேளையில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமிருந்தது. 13 ஆண்டுகள் கழித்து 1795 இல் அதுவும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

உருவகம் இடம் மாறுகிறது

ஆண்டவர்களின் கருவியை ஆளப்பட்டவர்களும் எடுத்துக்கொண்டனர். வங்கப் பிரிவினை ஆண்டான 1905 இல் அபனீந்திரநாத் தாகூர் 'பாரத மாதா'வை வரைந்தார். நான்கு கைகளிலும் நூல், நெற்கதிர், வெண்துணி, செபமாலை. கல்வி, உணவு, உடை, ஆன்மிகம் என்று பொருள். நாட்டைப் பெண்ணாக்கும் எண்ணம் ஐரோப்பியப் பிரித்தானியாவையும், பல கைகள் இந்தியத் தெய்வ உருவங்களையும் நினைவூட்டுகின்றன. 1906 முதல் சென்னையிலும், 1908 முதல் புதுச்சேரியிலும் பாரதியார் நடத்திய 'இந்தியா' வாரப் பத்திரிகை அரசியற் கேலிச் சித்திரங்களை வெளியிட்டுத் தமிழ்ப் பத்திரிகை உலகில் ஒரு புது வழியைத் திறந்தது. தன் வாசகர் படத்தை வாசிப்பர் என்ற நம்பிக்கை அதற்கு இருந்தது.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க மிஷனின் அச்சகம் மானிப்பாயில் 1834 இல் இயங்கத் தொடங்கியது. 1841 இல் 'உதயதாரகை' வெளிவந்தது. விடிவெள்ளி எனப் பொருள்படும் அப்பெயரும் ஒளியையே அறிவின் உருவகமாகக் கொண்டது. 1849 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தம் அச்சகத்தை நிறுவி, அதே அச்சுக் கருவியைச் சைவத்துக்காகப் பயன்படுத்தினார். உங்கள் பாடசாலைச் சின்னத்தையும் எடுத்துப் பாருங்கள். விளக்கோ, நூலோ, உதயசூரியனோ இருந்தால் அதன் உறவினர் யாவர் என இப்போது உங்களுக்குத் தெரியும்.

விடை எழுதும்போது

அறியாத ஒரு படம் தரப்படின் பதற்றம் வேண்டாம். முதலிற் கைப்பொருள்களைப் பாருங்கள். பின்னர் ஒளி வரும் திசை. அதன்பின் உயரம், தாழ்வு. இறுதியாக, இப்படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் எனக் கேளுங்கள். 'படம் அழகாக உள்ளது' என்ற வாக்கியத்துக்குப் புள்ளி கிடையாது.

பயிற்சி வினாக்கள்

1. செப்புத்தகட்டு அச்சுக்கும் மர அச்சுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாட்டை விளக்குக.

2. கொஷான் வரைந்த முகப்புப் படத்தில் 'இறையியல்' மண்டியிட்டிருப்பதை, ஒரு தணிக்கை அதிகாரியும் டிடரோவின் நண்பர் ஒருவரும் எவ்வாறு வெவ்வேறாக விளங்கிக்கொண்டிருப்பர்?

3. ரெனலின் படத்திலுள்ள பீடத்தை அகற்றிவிட்டால் படத்தின் பொருள் எவ்வாறு மாறும்?

4. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் 1782 இல் அதே நிகழ்வுகளை உருவகமாக வரைந்திருந்தால், நடுவில் யாரை நிறுத்தியிருப்பார்? அவ்வுருவத்தின் கையில் எப்பொருளைக் கொடுத்திருப்பார்? காரணங்களுடன் எழுதி, பருமட்டாக ஒரு வரைபும் அமைக்குக.